மீன்குளம் தெளியும்வரை

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலை, கொல்லைக் கதவைத் திறந்தேன். என் மாமனார் குளத்தங்கரையில் நின்று தண்ணீரைச் செம்பில் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். குனிவார், மொள்வார், நிமிர்ந்து தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி அதே குளத்திலேயே ஊற்றுவார். முதலில் எனக்கு அது ஏதோ விட்டுப்போன சடங்கு என்றுதான் பட்டது. அந்த நாட்களில் யார் யாரோ சொன்னபடியெல்லாம் அவர் தண்ணீர் ஊற்றியிருந்தார். பக்கத்தில் போன பிறகுதான் மீன்களைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "மூச்சு முட்டுதும்மா" என்றார், என்னைப் பார்க்காமலே. தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கட்டும் என்று ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டையில்லாத முதுகு முழுக்க வேர்த்திருந்தது. நானும் உள்ளே போய் ஒரு செம்பை எடுத்துவந்து எதிர்ப்பக்கம் நின்று ஊற்றத் தொடங்கினேன். வெயில் ஏறும்வரை இருவரும் ஊற்றினோம்.

எங்கள் வீடு பொன்மலையில் இருந்தது. மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தம் கேட்காத இடத்தில் தூக்கம் வராது என்று சொல்லிப் பக்கத்திலேயே இடம் வாங்கிச் சிறிதாக ஒரு வீடு கட்டினாராம். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். நாத்தனார் சென்னையில். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் கணவர் மன்னார்புரத்தில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்தார். மீன் என்றால் அவருக்குப் பைத்தியம். துவைகல்லுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே ஒரு கட்டில் அளவுக்குக் குழி தோண்டி, தானே சிமென்ட் பூசி, சிவப்பும் வெள்ளையுமான கோய் மீன்களை வாங்கி விட்டார். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. "குட்டையைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கான்" என்று என் காதுபட முணுமுணுப்பார். தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்ததால், ஒரு வடிகட்டி செய்ய வேண்டும் என்று கணவர் பழைய நீல டிரம் ஒன்றை வாங்கிவந்து கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்தார். அதைச் செய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடவே அவரை டெங்குக் காய்ச்சலும்.

நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கணவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் மாதிரிகள் எங்கள் லேபுக்குத்தான் வரும். மற்றவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவருடைய ரத்தத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை மெஷினில் வைக்கும்போதும் பிளேட்லெட் எண்ணிக்கை முன்னதைவிடக் குறைந்து வந்தது. ரிப்போர்ட்டின் மேலே நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே பரிசோதித்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் நான் கையெழுத்திட்டேன். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். சிலருக்கு இப்படி ஆகிவிடும் என்றார்கள். அந்தச் சிலரைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அவர்களுடைய ரிப்போர்ட்டுகளிலும் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அதன் பிறகு எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. பல் பிடுங்குவதற்கு முன்பு ஊசி போட்ட கன்னம்போல இருந்தேன். தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. உலை வைத்தேன், துணி துவைத்தேன், வேலைக்குப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா தினமும் போன் செய்வாள். "சின்ன வயசு. அந்த வீட்டுல உனக்கு இன்னும் என்ன இருக்கு? மாமனாரும் மருமகளும் தனியா ஒரே வீட்டுல இருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. கிளம்பி வந்துடு" என்பாள். சரிம்மா என்பேன். கிளம்பவும் தோன்றவில்லை, இருக்கவும் தோன்றவில்லை. மாமனாரும் நானும் அதுவரை பேசியதெல்லாம் "சாப்பிட வாங்க மாமா", "பால் வந்துடுச்சாம்மா" என்ற அளவில்தான். மற்றதையெல்லாம் அவரிடமிருந்து என்னிடமும் என்னிடமிருந்து அவரிடமும் கொண்டுசேர்த்தவர் என் கணவர். இப்போது கொண்டுசேர்க்க ஆள் இல்லை.

அந்த வாரமே மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வரும் பெண் வந்தார். தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், குளத்தருகே வந்ததும் நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மீன் இருந்தா புழுவைத் தின்னுடும்ங்க. ஆனா மீனே சாகுற மாதிரி இருக்கே. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க, இல்லேன்னா மூடிடுங்க. நான் மறுபடி வரும்போது இப்படியே இருந்தா எழுதித்தான் கொடுக்கணும்" என்றார். அடுத்த வீட்டு அம்மா மதில்மேல் தலையை நீட்டி, "நான் அன்னிக்கே சொன்னேன். அந்தக் குட்டையிலேருந்து வந்த கொசுதான் பையனைக் கொண்டுபோச்சு. மண்ணை அடிச்சு மூடுங்க முதல்ல" என்றார்.

குளத்தின் மீது துளியும் பிரியமில்லாதவர் மாமனார். மூடுவதாயிருந்தால் அன்றைக்கே அவர் ஒரு வண்டி மண்ணுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கவிழ்ந்து கிடந்த நீல டிரம்மைப் புரட்டி நிமிர்த்தினார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவன் இதை எப்படிச் செய்யப்போறேன்னு உன்கிட்ட ஏதாவது சொன்னானாம்மா?" என்று கேட்டார்.

சொல்லியிருந்தார். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவர் அதையே பேசிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. நான் பாதி காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்தேன். ஆனால் அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வரிசையாக வந்தது. குளத்துக்குள் ஒரு சின்ன மோட்டார். அது தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும். குழாய் டிரம்முக்குள் அடிவரை இறங்கி, ஓரமாகச் சாய்ந்து இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் சுற்றிச் சுழன்று அழுக்கெல்லாம் நடுவில் உட்காரும். உட்கார்ந்ததைத் திறந்துவிட அடியில் ஒரு வால்வு. அதற்கு மேலே துளை போட்ட ஒரு தட்டு. தட்டின்மேல் ஓட்டையும் உடைசலுமாய் நிறையப் பொருள். தண்ணீர் அவற்றின் இடுக்கு வழியாக ஊர்ந்து மேலேறி, உச்சியிலுள்ள குழாய் வழியாகத் திரும்பக் குளத்தில் விழ வேண்டும். மாமனார் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "உடைசல்னா? மணல் போட்டா ஆகாதா?" என்று மட்டும் கேட்டார். மணல் அடைத்துக்கொள்ளும், இங்கே வடிகட்டுவது மணல் இல்லை, கிருமிகள் என்றேன். அவர் முகம் மாறியது. கிருமி என்ற சொல்லை அந்த வீட்டில் அப்போது யாரும் அப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. நல்ல கிருமி மாமா என்று அவசரமாகச் சொன்னேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது மீனுக்கே விஷம், சில கிருமிகள் அதைத் தின்று வேறொன்றாக மாற்றும், வேறு சில அதையும் மாற்றிச் செடிக்கு உரமாக்கும். அவை ஒட்டிக்கொண்டு வாழ இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாம் டிரம்முக்குள் கட்டிக்கொடுக்கிறோம். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுவே முதல் முறை.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது கொல்லையில் ரம்பச் சத்தம் கேட்டது. மின்கம்பி ஓட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை வாங்கிவந்து கட்டைவிரல் நீளத்துக்கு அறுத்துக்கொண்டிருந்தார். நான் உடை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். வெங்காய மூட்டை வரும் சிவப்பு வலைப் பைகளில், அறுத்த துண்டுகளையும் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரையும் கலந்து திணித்து வாயைக் கட்டினேன். அப்படியே பல சாயங்காலங்கள் போயின. ரம்பம் போய் வரும். தூள் என் மடியில் விழும். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். அவர் கையை நிறுத்தாமலே "ஷிப்டு முடிஞ்சுது" என்பார். அதற்கு நான் ம் என்பேன். இதைத்தான் நாங்கள் பேச்சு என்று வைத்துக்கொண்டோம். டிரம்மில் துளை போட்டு இணைப்புகளைப் பொருத்தியபோது அவர் கைகளைப் பார்த்தேன். என் கணவருடைய கைகள் அவை. முட்டிகள் பெருத்து, நகங்கள் தடித்து, முப்பது வருடம் கழித்து இப்படித்தான் ஆகியிருக்கும். அதைக் கவனித்தேன் என்பதைத் தவிர அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் ஏறிச் சுழன்று மேலே வந்து குளத்தில் விழுந்தது. ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் கிருமிகள் தாமாக வந்து குடியேற நாளாகும். ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு மீன்தொட்டியின் அழுக்கு கொஞ்சம் கிடைத்தால் சீக்கிரம் பிடிக்கும் என்று கணவர் சொல்லியிருந்தார். சத்திரம் பக்கத்தில் வண்ணமீன் கடை ஒன்று எனக்குத் தெரியும். என் ஸ்கூட்டரிலேயே போய்விடலாம் மாமா என்றேன். மாமனார் ஒருகணம் தயங்கினார். மருமகள் வண்டி ஓட்ட மாமனார் பின்னால் உட்கார்ந்து போவதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. பிறகு ஏறி, உடம்பை முடிந்தவரை பின்னால் தள்ளிக்கொண்டு, பின்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மதில்மேல் ஒரு தலை எழுந்து தணிந்தது. வழி முழுக்க, ஒவ்வொரு வேகத்தடையிலும், "மெதுவாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைக்காரரிடம், உங்கள் தொட்டி ஃபில்டரில் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் வேண்டும், கழுவாமல் வேண்டும் என்றேன். அவர் என்னையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீன் வேணாமா? எல்லாரும் சுத்தமா கொடுங்கன்னு கேப்பாங்க, நீங்க அழுக்கைக் கேக்குறீங்களே" என்று சிரித்தார். மாமனார் சிரிக்காமல், "அதுலதான் வேலை இருக்காம்ங்க. மருமக சொல்லுது" என்றார். கடைக்காரர் பழுப்பாய் வழவழவென்று ஒரு ஸ்பாஞ்சைப் பிழியாமல் எடுத்துத் தந்தார். ஈரம் காயக்கூடாது என்பதற்காக மாமனார் கையோடு ஒரு தூக்கு கொண்டுவந்திருந்தார். என் கணவர் கடைக்குச் சாப்பாடு எடுத்துப்போன தூக்கு அது. மாமனார் தெரிந்து எடுத்தாரா, கைக்கு வந்ததை எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது அவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மடியிலிருந்த தூக்கையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதன்பின் காத்திருப்பதுதான் வேலை. சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மீன் கடையில் வாங்கிய சோதனை மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. ஆரம்பத்தில் கரும்பச்சையாக வந்தது. தினமும் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டு, முந்தின நாளே வாளிகளில் பிடித்து வைத்துக் குளோரின் போகவிட்ட தண்ணீரை ஊற்றினோம். அப்படியும் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. மாமனார் அவற்றை எடுத்து எலுமிச்சை மரத்தடியில் புதைப்பார். நான் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தரம் குழாயைக் குலுக்குவேன். அவர் வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். அந்தப் பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறதா இல்லையா என்பதில் எங்களுக்குள் சமயத்தில் கருத்து வேறுபாடு வரும். வெயிலில் பிடித்துப் பார்ப்போம்.

மார்கழியில் அம்மா போன் செய்தாள். ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் பஸ்ஸே நுழைய முடியவில்லை, கூட்டம் குறைந்து தை பிறந்ததும் அப்பா வந்து என்னை அழைத்துப் போவார் என்றாள். "இப்ப முடியாதும்மா. இங்க ஃபில்டர் இன்னும் பிடிக்கலை. நான் வந்துட்டா மீன் செத்துடும்" என்றேன். "மீனா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். மாமனார் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். அவர் எதுவும் கேளாதவர்போல, "நாளைக்குத் தண்ணி மாத்தணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை பாதியில் சோதனைக் குழாயில் மஞ்சள் தெரியத் தொடங்கியது. அந்தச் சமயம் நாத்தனார் பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொல்லைக்குப் போனேன். துவைகல்லின் மேல் சிவப்பு வலைப் பைகள் எல்லாம் வரிசையாக, புத்தம் புதிதுபோல, பளபளவென்று கிடந்தன. மாமனார் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கடைசிப் பையைக் கழுவிக்கொண்டிருந்தார். டிரம்மும் உள்ளே தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. "பிள்ளைங்க கையை விட்டு அளையும்மா. எல்லாம் ஒரே வழுவழுப்பு, கொழகொழன்னு கெடந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்" என்றார், ஒரு வேலையை முடித்த முகத்தோடு.

என் குரலை நானே கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "யாரு மாமா உங்களை இதைத் தொடச் சொன்னது? அந்த வழுவழுப்புக்குத்தானே இத்தனை நாளும் பாடுபட்டோம்! எல்லாம் செத்துப்போச்சு. எல்லாத்தையும் கொன்னுட்டீங்க!" மாமனாரிடம் அதுவரை நிமிர்ந்துகூடப் பேசாதவள் நான். அவர் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து பாம்புபோல நெளிந்து என் புடவையை நனைத்தது. நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் நல்லதுன்னு நெனைச்சுச் செய்யறது எல்லாமே இப்படித்தாம்மா ஆகுது. அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, சாதாரணக் காய்ச்சல்தான்டான்னு ரெண்டு நாள் கஷாயம் வெச்சுக் கொடுத்துக்கிட்டு வீட்டுலயே கெடத்தி வெச்சிருந்தேன். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா…" என்றார்.

நான் அந்தத் தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "முதல் நாளே நான் ரத்தம் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன் மாமா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் நிறையத் தண்ணி குடிங்கன்னு சொல்லி வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. அதுக்கப்புறம்தான் இறங்குச்சு. கஷாயத்தால ஒண்ணும் ஆகலை" என்றேன். அது உண்மை. ரிப்போர்ட் வாசிக்கும் குரலில்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான் மாமா." மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். எத்தனை நாளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து குழாய் அறுத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரத்தம் பார்த்தவள் நான் ஒருத்திதான். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்திருக்கிறார்.

அதற்கடுத்த நாட்களில், குளத்தில் இருந்ததிலேயே பெரிய, வெள்ளையில் சிவப்புத் திட்டுகள் கொண்ட மீன் செத்துப்போனது. நாத்தனாரின் பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதன. நாத்தனார், "இந்தக் குளம் இன்னும் எதுக்குப்பா? மூடிடுங்களேன்" என்றாள். "மூட வேணாம். மறுபடி பிடிச்சுடும்" என்றார் மாமனார். மீதியிருந்தவற்றைக் காப்பாற்ற வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். அதே கடைக்கு அதே ஸ்கூட்டரில் மறுபடியும் போனோம். இந்தமுறை தெரு எங்களைப் பார்த்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை. டிரம்மின் பக்கவாட்டில் மாமனார் பெயின்டால், கழுவக்கூடாது என்று பெரிதாக எழுதினார். கழுவுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் அது அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. டிரம்மிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழைக் கிழங்கு நட்டோம். அது நிற்காமல் வளர்ந்தது. கொசு ஒழிப்புக்கு வந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க" என்று சொல்லிப் போனார். சாயங்காலங்களில் நாங்கள் இப்போது கொஞ்சம் பேசினோம். என் கணவர் பள்ளிக்கூடம் போகாமல் லோகோ ஷெட் பக்கம் சுற்றியது, ஒருமுறை பாலித்தீன் பையில் தவளைக்குஞ்சுகளைக் கொண்டுவந்து மீன் என்று சாதித்தது, இப்படி. நான் கேட்டுக்கொள்வேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் காலை நான் குழாயைக் குலுக்கிப் பிடித்தேன். சுத்தமான மஞ்சள். அம்மோனியா மாறி வரும் அடுத்த விஷத்துக்கான மருந்தையும் விட்டுப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. "இல்லை மாமா. எதுவுமே இல்லை" என்றேன். "அப்ப முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். முடிந்துவிட்டது என்றால் வேறு என்ன அர்த்தம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவிடம் சொல்ல என்னிடம் இனி ஒன்றும் இல்லை.

நான் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது கொல்லையிலிருந்து அவர் குரல் வந்தது. "இங்க வாம்மா." போனேன். மோட்டாரை நிறுத்தியிருந்தார். தண்ணீர் விழுவது நின்று, குளம் அசைவில்லாமல் கண்ணாடியாக இருந்தது. குளத்தின் மூலையில் அடித்தரையைக் காட்டினார். சிமென்ட்டில் ஒரு பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் குதிகாலும் தெளிவாக. குளம் பூசிய நாட்களில் நான் ஸ்ரீரங்கத்தில் இருந்தேன், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். திரும்பி வந்தபோது தண்ணீர் விட்டுக் கலங்கலாக இருந்தது, பிறகு பச்சையானது. நான் அந்தத் தரையைப் பார்த்ததே இல்லை. "மேல பூசி மறைச்சிடுடான்னு அவன்கிட்ட சொன்னேன். கேக்கலை" என்றார் மாமனார். ஒரு மீன் வந்து அந்தக் குழிவின் மேல் நின்று துடுப்பை அசைத்துவிட்டு விலகியது. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. பிறகு அவர், "ரொம்ப நேரம் நிறுத்தக்கூடாது, இல்ல?" என்று என்னைக் கேட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டார். நீர் விழுந்து அலை வந்து பாதம் கலைந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இனிமே இதுக்கு ஒருத்தர் போதும்மா. நீ அப்பாவுக்குப் போன் பண்ணு."

சித்திரையில் நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டேன். அப்பா ஆட்டோவோடு வந்திருந்தார். மாமனார் வாசல்வரை வந்து என் பையை ஏற்றிவிட்டு, உடனே உள்ளே போய்விட்டார். இங்கேயே அடையவளஞ்சான் வீதிக்குப் பக்கத்தில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் நான் மெஷினை ஆன் செய்யும் நேரத்துக்கு அவர் போன் வரும். "தண்ணி நல்லா இருக்கும்மா" என்பார். "சாப்பிட்டீங்களா மாமா?" என்பேன். அவ்வளவுதான். சில வருடங்கள் அப்படி ஓடின. அம்மா மறுகல்யாணப் பேச்சை எடுத்தாள், விட்டாள், மறுபடி எடுத்தாள். ஒருமுறை மாமனாரே போனில், "அம்மா சொல்றதைக் கேளேம்மா" என்றார். பார்க்கலாம் மாமா என்றேன். எல்லாவற்றையும் நான் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். எடுத்தது அடுத்த வீட்டு அம்மா. மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டிருக்கிறார்.

நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாத்தனார் சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. அவர் காலடியில் நின்றேன். பெரிய பாதங்கள், பித்தவெடிப்போடு. அப்போது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டு அம்மா என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். "புருஷன் போனப்பகூட இது இப்படி அழலையே" என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் பாதங்களை விடவில்லை. மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை, அந்த வீட்டில் நான் யார் முன்னாலும் சொல்லாத என் கணவருடைய பெயர் என் வாயில் வந்தது. அதையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.